பூச்சியமும் வெற்றுக் கட்டமும்: இழப்பின் எண்களை மடக்கைச் சார்பிடம் கொடுக்குமுன்

1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களிலிருந்து 158 பேரை இராணுவம் பிரித்தெடுத்துக் கொண்டுசென்றது. அவர்களுக்கு என்ன நடந்தது என்று குடும்பங்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நான்கு நாள் கழித்து சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டவர்கள் 184 பேர் என்று அந்தப் பகுதி மக்கள் நினைவுகூருகிறார்கள். அதற்கு முந்திய மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் கொல்லப்பட்ட முஸ்லிம் மக்களின் தொகை இரண்டு இடத்திலும் தனித்தனியே நூறைத் தாண்டியது. ஒரே மாவட்டம், ஆறு வாரத்துக்குள்.

இந்த எண்கள் இதுவரை கொப்பிகளிலும் ஆணைக்குழு அறிக்கைகளிலும் நினைவுத்தூபிகளிலும் இருந்தன. இப்போது கணினி அட்டவணைகளுக்கும் அங்கிருந்து இணையப் பக்கங்களுக்கும் வருகின்றன. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்த பிள்ளை ஒருவர் போதும், ஊரின் பட்டியலை வரைபாக மாற்றிவிடலாம். ஒரு கிராமத்தில் ஒருவர், இன்னொன்றில் 16 பேர், வேறோரிடத்தில் 158 பேர் என்று எண்கள் வெகுவாக விலகி நிற்கும்போது வரைபு மென்பொருள்கள் ஒரு வசதியைக் காட்டும்: "மடக்கை அளவிடை". அதைத் தெரிவுசெய்தவுடன் பின்னணியில் வேலை செய்வது உலாவிக்குள்ளேயே இருக்கும் மடக்கைச் சார்பு. ஒரு சொல்லில் அழைத்துவிடலாம், எதைக் கொடுத்தாலும் ஏதாவது ஒரு விடை தரும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எந்த மடக்கை?

சாதாரண தரக் கணிதத்தில் மடக்கை அட்டவணை புரட்டியவர்களுக்கு அடிப்படை நினைவிருக்கும். 100 என்பது 10இன் 2ஆம் வலு, ஆகவே 10ஐ அடியாகக் கொண்ட மடக்கை 2. பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றித் தருவதற்காக ஸ்கொட்லாந்தின் ஜோன் நேப்பியர் 1614இல் வெளியிட்ட கருத்து இது. 10ஐ அடியாக்கி அதைக் கைக்கு இலகுவாக்கியவர் ஹென்றி பிரிக்ஸ். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது பிரிக்ஸின் மடக்கை.

உலாவியின் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இதற்கான சார்பு மத்.லொக். (இங்கே வாசிப்புக்காக ஒலிப்பைத் தமிழில் எழுதுகிறேன். குறிமுறையில் ஆங்கில எழுத்துகளிலேயே எழுதவேண்டும். முதலெழுத்து மாத்திரம் பெரியது, மற்றவை சிறியவை.) கணினியில் குரோம் அல்லது பயர்பொக்ஸைத் திறந்து எப்12 விசையை அழுத்தினால் வரும் கட்டளைப் பகுதியில் மத்.லொக்(100) என்று கொடுத்துப் பாருங்கள். 2 வராது. 4.605 என்று தொடங்கும் நீண்ட தசமம் வரும். ஏனென்றால் மத்.லொக் தருவது இயற்கை மடக்கை. அதன் அடி 10 அல்ல, ஏறத்தாழ 2.71828 ஆன 'ஈ' என்ற எண். பத்தின் அடி வேண்டுமென்றால் மத்.லொக்10, இரண்டின் அடி வேண்டுமென்றால் மத்.லொக்2. எங்களுடைய 158ஐக் கொடுத்தால் முதலாவது 5.06, இரண்டாவது 2.20, மூன்றாவது 7.30 என்று விடை தரும். மூன்றும் சரியான விடைகளே, கேள்விகள்தான் வேறு.

இந்தப் பெயர்க் குழப்பம் ஜாவாஸ்கிரிப்டோடு நிற்பதில்லை. கையில் வைத்திருக்கும் விஞ்ஞானக் கணிப்பானில் 'லொக்' என்ற பொத்தான் 10ஐ அடியாகக் கொண்டது. எக்ஸெலிலும் கூகிள் ஷீற்ஸிலும் லொக் என்று மட்டும் எழுதினால் அடி 10. பைதன், ஆர், பிஎச்பி ஆகியவற்றில் அது இயற்கை மடக்கை. தரவுத்தளங்கள் தங்களுக்குள்ளேயே உடன்படுவதில்லை: மைஎஸ்கியூஎல்லில் லொக் இயற்கை மடக்கை, போஸ்ற்கிரெஸிலும் எஸ்கியூலைற்றிலும் அதே சொல் பத்தின் அடி. எக்ஸெலில் சரிபார்த்த ஒரு சூத்திரத்தை அப்படியே இணையப் பக்கத்துக்கு எடுத்துவந்தால் எல்லா விடையும் 2.3026 மடங்கு பெருத்துவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது.

சில இடங்களில் பிழை தானே காட்டிக்கொடுக்கும். கிணற்று நீரின் பிஎச் பெறுமானத்தைக் கணிக்கையில், ஐதரசன் அயன் செறிவு 10இன் மறை 7ஆம் வலு என்றால் விடை 7 ஆகவேண்டும், மத்.லொக்கைப் போட்டால் 16.1 வரும். அப்படியொரு தண்ணீர் வாவியிலும் இல்லை, கிணற்றிலும் இல்லை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் ஒலியின் டெசிபெல், விலையேற்றம், மக்கள் தொகை போன்றவற்றில் 2.3 மடங்குப் பிழை கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிடக்கூடும். ஆகவே 100ஐக் கொடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். 2 வந்தால் ஒன்று, 4.605 வந்தால் மற்றது.

பத்தின் மடக்கைக்கு நேரடிச் சார்பு ஜாவாஸ்கிரிப்டில் 2015ஆம் ஆண்டுத் தரத்தோடுதான் வந்தது. 1995இல் மொழி உருவானபோது இருந்தது இயற்கை மடக்கை மாத்திரம். அதனால் பழைய குறிமுறைகளில் மத்.லொக்(1000)ஐ மத்.லொக்(10)ஆல் வகுத்து விடை எடுப்பார்கள். கணிதப்படி அது 3. கணினி தரும் விடை 2.9999999999999996. கணினி எண்களை இரண்டின் அடியில் வரையறுக்கப்பட்ட இடங்களுக்குள் வைப்பதால் வரும் மிச்சம் இது. திரையில் காட்ட மட்டுமென்றால் பாதகமில்லை. ஆனால் ஓர் எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்று பார்க்க அந்த விடையைக் கீழ்நோக்கி முழுவெண்ணாக்கினால் 3க்குப் பதில் 2 கிடைக்கும். ஆயிரம் பேர் கொண்ட கிராமம் நூறுகளின் வகுப்புக்குள் போய் விழும். மத்.லொக்10(1000) சரியாக 3 தரும். இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களை நகலெடுக்கும்போது இந்த வகுத்தல் இருந்தால் மாற்றிவிடுங்கள். பிஎச்பியில் லொக் சார்புக்கு இரண்டாவது பெறுமானமாக அடியைக் கொடுக்கலாம். லொக்(1000, 10) என்றால் அதுவே பத்தின் மடக்கைக்கு மாறிக் கணிக்கும்.

பூச்சியம், வெற்று, தெரியாது

மடக்கைக்குப் பூச்சியம் பிடிக்காது. 10இன் எந்த வலுவும் பூச்சியமாகாது; வலு மறைப்பக்கம் எவ்வளவு தூரம் போனாலும் விடை பூச்சியத்தை நெருங்குமே தவிரத் தொடாது. ஆகவே மத்.லொக்(0) தருவது மறை முடிவிலி, திரையில் மைனஸ் இன்பினிற்றி. மறை எண் ஒன்றைக் கொடுத்தால் வருவது நேன், அதாவது "எண் அல்ல". இரண்டும் பிழைச்செய்தி அல்ல, பெறுமானங்கள். நிரல் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகும். வரைபு மென்பொருள் அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும். பரவலாகப் பாவிக்கப்படும் டி3 நூலகத்தின் மடக்கை அளவிடை, வீச்சுக்குள் பூச்சியம் இருக்கவே கூடாது என்ற நிபந்தனையோடுதான் வருகிறது.

இதுவரை கணிதம். இழப்பின் அட்டவணையில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது: நிரப்பப்படாத கட்டம். ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு நேரே 0 என்று எழுதியிருந்தால், யாரோ போய் விசாரித்து, எவரும் காணாமல்போகவில்லை என்று உறுதிசெய்திருக்கிறார் என்று பொருள். கட்டம் வெறுமையாக இருந்தால் எவரும் போய்க் கேட்கவில்லை, அல்லது கேட்டபோது சொல்வதற்கு ஆள் இருக்கவில்லை, அல்லது சொல்லப் பயந்தார்கள். முழுக் குடும்பமும் போன வீட்டில் முறைப்பாடு கொடுக்க யார் மிஞ்சியிருப்பார்கள்? போர் நடந்த ஊரின் பட்டியலில் வெற்றுக் கட்டந்தான் பல வேளைகளில் மிகப் பாரமான கட்டம்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. வெற்று எழுத்துத் தொடரை எண்ணாக மாற்றச் சொன்னால் அது பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். கட்டத்தில் ஓர் இடைவெளி மாத்திரம் தட்டப்பட்டிருந்தாலும் பூச்சியம். 'நல்' எனப்படும் இன்மைப் பெறுமானமும் பூச்சியம். ஆக மத்.லொக்கிடம் 0ஐக் கொடுத்தாலும் வெற்றுக் கட்டத்தைக் கொடுத்தாலும் ஒரே விடை, மறை முடிவிலி. "விசாரித்தோம், இல்லை" என்ற கிராமமும் "யாரும் விசாரிக்கவில்லை" என்ற கிராமமும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. வரைபில் இரண்டும் சேர்ந்தே மறைகின்றன.

மற்ற எழுத்துகள் வேறு விதம். "தெரியாது" என்று எழுதியிருந்தால் நேன். ஒரு சிறுகோடு மட்டும் போட்டிருந்தால் நேன். "158 பேர்" என்றாலும் நேன். ஆயிரத்துக்குப் பின் காற்புள்ளி இட்டு "1,200" என்று எழுதியிருந்தால் அதுவும் நேன். எக்ஸெலிலிருந்து வரும் அட்டவணைகளில் இது அடிக்கடி நேரும், அதுவும் பெரிய எண்களுக்கே நேரும் என்பதைக் கவனிக்கவேண்டும். பழைய பதிவொன்றில் ௧௫௮ என்று தமிழ் இலக்கத்தில் இருந்தால் அதையும் உலாவி எண்ணாக ஏற்காது. மாறாக "158" மேற்கோளுக்குள் எழுத்துத் தொடராக வந்தாலும் தானாக எண்ணாக்கிக் கணித்துவிடும். இந்த இளகிய மனம் பாதி நேரம் உதவி, பாதி நேரம் ஆபத்து.

தரவைச் சேமித்து மீண்டும் எடுக்கும்போது நிலைமை இன்னும் சிக்கலாகும். மறை முடிவிலியையோ நேனையோ ஜேசன் வடிவத்தில் எழுதினால் அங்கே பதிவாவது 'நல்'. அடுத்த முறை அந்தக் கோப்பைத் திறந்து கணிக்கும்போது நல் பூச்சியமாகிறது. முதலில் "தெரியாது" என்றிருந்தது இரண்டு சுற்றில் "பூச்சியம்" ஆகிவிடுகிறது. எவரும் பொய் எழுதவில்லை. ஆனாலும் ஆவணத்தில் ஒரு பொய் வந்து உட்கார்ந்துவிட்டது.

பிஎச்பி இந்த விடயத்தில் சற்றுக் கண்டிப்பானது. 8ஆம் பதிப்பில் வெற்று எழுத்துத் தொடரை லொக் சார்புக்குக் கொடுத்தால் வகை பொருந்தவில்லை என்ற பிழையோடு நிரல் நிற்கும். முடிவிலியை ஜேசனாக எழுத முனைந்தாலும் மறுத்துவிடும். தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும். இப்படியான தரவுக்கு அந்த எரிச்சல் நல்லது என்றே சொல்வேன்.

ஜாவாஸ்கிரிப்டில் நாமே காவல் போடவேண்டும். மடக்கையை நேரடியாக அழைக்காமல் சிறிய சார்பொன்றை எழுதி அதனூடாக அழைப்பது வழி. அது முதலில் கட்டம் வெறுமையா, இடைவெளி மட்டுமா, நல்லா என்று பார்க்கும். அப்படியானால் "பதிவில்லை" என்ற சொல்லைத் திருப்பித் தரும். அடுத்ததாகக் காற்புள்ளிகளை நீக்கி எண்ணாக மாற்றும். மாற்றியது உண்மையான எண்தானா என்பதை நம்பர்.இஸ்பைனைற் என்ற சார்பு சொல்லும்; இல்லையென்றால் "சரிபார்க்க". எண் பூச்சியமானால் "பூச்சியம்" என்றே தரும். பூச்சியத்திலும் பெரிதானால் மட்டும் மத்.லொக்10. இவ்வளவும் பத்து வரிக்குள் அடங்கும். வரைபில் இந்த மூன்று சொற்களுக்கும் மூன்று வெவ்வேறு அடையாளங்கள் வேண்டும். பதிவில்லாத கிராமம் சாம்பல் நிறத்திலாவது தெரியவேண்டும், மறையக்கூடாது.

உயரம் இல்லாத ஒருவர்

சரி, காவல் போட்டாயிற்று. இனி வரையலாமா? இழப்பின் எண்ணிக்கையை மடக்கை அளவிடையில் சலாகைகளாக வரைவதை நான் ஏற்கவில்லை. காரணம் எளிய கணக்கு.

அச்சு 1இலிருந்து 1000 வரை என்று வைப்போம். 158இன் பத்தடி மடக்கை 2.20, ஆகவே சலாகை மொத்த உயரத்தில் 73 சதவீதம். 16இன் மடக்கை 1.20, சலாகை 40 சதவீதம். கிட்டத்தட்டப் பத்து மடங்கு வேறுபாடு கண்ணுக்கு இரண்டு மடங்குக்கும் குறைவாகத் தெரிகிறது. அதைவிடக் கொடியது கீழே இருக்கிறது. 1இன் மடக்கை 0. ஒரே ஒருவர் காணாமல்போன கிராமத்தின் சலாகைக்கு உயரமே கிடையாது. ஒரு தாய் முப்பது வருடமாக வைத்திருக்கும் படம் அந்த வரைபில் வெறும் கோடாகக்கூட நிற்காது.

சாதாரண அளவிடையில் 0 முதல் 200 வரை வரைந்தால் 158 உயர்ந்து நிற்கும், 16 தாழ்ந்து நிற்கும், 1 மெல்லிய கோடாகவாவது தெரியும். மெல்லியது தெரியாவிட்டால் சலாகையை விட்டுவிட்டு ஒருவருக்கு ஒரு புள்ளி என்று வைக்கலாம். 158 புள்ளிகள் ஒரு கைத்தொலைபேசித் திரையில் தாராளமாக அடங்கும்.

மடக்கை அளவிடை வேண்டாம் என்பதல்ல. வளர்ச்சி வேகத்தைக் காட்ட அதைவிட நல்லது இல்லை. 2020இல் கொரோனாத் தொற்று ஏறிய வரைபுகளைப் பல செய்தி நிறுவனங்கள் மடக்கை அளவிடையில் வரைந்தது இதனால்தான்: அங்கே ஒரே சாய்வு என்றால் ஒரே விகிதத்தில் பெருகுகிறது என்று அர்த்தம். எத்தனை மடங்கு என்பது கேள்வியானால் மடக்கை. எத்தனை பேர் என்பது கேள்வியானால் சாதாரண அளவிடை.

எத்தனை மடங்கு என்ற கேள்விக்கு எங்களூரில் இன்னொரு உதாரணம் உண்டு. போருக்குப் பிந்திய வருடங்களில் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை நுண்கடன் எப்படி வளைத்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி, கட்டாமல் விட்ட வட்டி முதலோடு சேரும் என்றால், கடன் இரட்டிப்பாக எத்தனை மாதம்? 2இன் மடக்கையை 1.03இன் மடக்கையால் வகுத்தால் விடை 23.4. இரண்டு வருடம் முடியுமுன் பத்தாயிரம் இருபதாயிரமாகும். இந்தக் கணக்கில் எந்த அடியை எடுத்தாலும் விடை ஒன்றே, ஏனென்றால் இரண்டு பக்கத்திலும் அதே காரணி வந்து வெட்டுப்பட்டுவிடும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், அதே வேகம் நீடித்திருந்தால் விலைகள் 16 மாதத்துக்குள் இரட்டித்திருக்கும் என்பதும் இதே வகுத்தலில் வரும்.

வட்டிக் கணக்கில் மத்.லொக்1பி என்ற சார்பும் உதவும். நடுவில் இருப்பது இலக்கம் ஒன்று, எழுத்து 'எல்' அல்ல. கொடுக்கும் எண்ணோடு 1ஐக் கூட்டி மடக்கை எடுப்பது இதன் வேலை, 1.03க்குப் பதில் 0.03ஐக் கொடுக்கலாம். மிகச் சிறிய எண்களில் இதன் அருமை தெரியும். 10இன் மறை 16ஆம் வலுவை 1உடன் கூட்டினால் கணினிக்கு அது வெறும் 1, மடக்கை 0 ஆகிவிடும். லொக்1பி அந்தச் சிறு தொகையை இழக்காது. பூச்சியம் வரும் எண்ணிக்கைகளுக்கும் சிலர் இதைப் பாவிக்கிறார்கள், 0க்கு 0 என்று விடை வருவதால். வரைபு உடையாது என்பது உண்மை. ஆனால் வெற்றுக் கட்டமும் அங்கே ஒழுங்கான 0 ஆக உட்கார்ந்துவிடும். மறை முடிவிலியாவது ஏதோ பிழை என்று காட்டிக்கொடுத்திருக்கும்.

கடற்கரை வாசகர்களுக்காக ஒரு சிறு கணக்கு. 2004 டிசெம்பர் 26 நிலநடுக்கம் 9.1. கிழக்குக் கரை மக்கள் மீண்டும் மேட்டுப்பக்கம் ஓடிய 2012 ஏப்ரல் 11 நிலநடுக்கம் 8.6. அளவு மடக்கை என்பதால் 0.5 வேறுபாடு சக்தியில் 10இன் 0.75ஆம் வலு, அதாவது சுமார் 5.6 மடங்கு. திருப்பிக் கணிக்கும்போது மத்.எக்ஸ்ப் என்ற சார்பைப் போட்டால் 2.1 மடங்கு என்று வரும், அது ஈயின் வலு. இங்கே வேண்டியது மத்.பௌ(10, 0.75). மற்றபடி 2012இல் பெரிய அலை வராததற்கு அந்த 5.6 மட்டும் காரணமல்ல, அங்கே பாறைத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தன.

எங்கே கணிப்பது?

ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் கணிப்பு வாசகரின் உலாவிக்குள் நடக்கும். அதற்கு மூலத்தரவு முழுவதும் அவருடைய கணினிக்குப் போகவேண்டும். வரைபில் எண் மட்டும் தெரிந்தாலும், பின்னால் அனுப்பப்பட்ட கோப்பில் பெயர், ஊர், முறைப்பாடு கொடுத்தவர், சாட்சி என்ற நிரல்கள் இருந்தால் எப்12ஐ அழுத்தத் தெரிந்த எவரும் அவற்றை வாசிக்கலாம். பிஎச்பி சேவையகத்தில் ஓடுவது. அங்கேயே கணித்து விடையை மாத்திரம் அனுப்பலாம். உயிரோடிருக்கும் சாட்சிகளின் பெயர் கொண்ட பட்டியலென்றால் இது தொழினுட்ப விருப்பம் சார்ந்த தெரிவு அல்ல. பெயர்களை நீக்கி, கிராமத்துக்கு ஓர் எண் என்று சுருக்கிய கோப்பை மட்டுமே உலாவிக்கு விடுங்கள். ஒருவர் மட்டும் உள்ள கிராமமென்றால் அந்தச் சுருக்கமும் யாரென்று காட்டிவிடும் என்பதால், குடும்பத்தைக் கேட்டபிறகே.

பட்டியலில் இல்லாதவர்கள்

மடக்கை இழப்பின் கணக்கில் உண்மையாகவே உதவும் இடம் வரைபல்ல, மதிப்பீடு. எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் என்று கேட்பது.

இரண்டு பட்டியல்கள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். ஓர் அமைப்பிடம் 120 பெயர், தேவாலயமொன்றில் 90 பெயர், இரண்டிலும் வருவோர் 60 பேர். ஆக ஏதாவது ஒன்றில் வருவோர் 150. இரண்டாவது பட்டியலின் 90 பேரில் 60 பேரை முதலாவது பிடித்திருக்கிறது, மூன்றில் இரண்டு. எல்லோரிலும் மூன்றில் இரண்டைத்தான் அது பிடிக்கும் என்று கொண்டால் மொத்தம் 180. இரண்டிலும் வராதவர்கள் 30. சூத்திரம்: 120ஐ 90ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தல். மடக்கையில் அது 2.079ஐயும் 1.954ஐயும் கூட்டி 1.778ஐக் கழித்தல், 2.255 வரும், 10இன் அந்த வலு 180.

இரண்டு பட்டியலுக்கு மடக்கை தேவையில்லை. மூன்று, நான்கு பட்டியல்கள் வந்து, அவை ஒன்றோடொன்று தொடர்புடையனவாகவும் இருக்கும்போது தேவைப்படும். ஓர் அமைப்பிடம் சொன்னவர் அடுத்ததிடமும் சொல்ல வாய்ப்பு அதிகம், அல்லது பயத்தால் குறைவு. இப்படியான தொடர்புகள் எண்ணிக்கைகளைப் பெருக்கும் காரணிகளாக வருகின்றன. மடக்கை எடுத்தால் அவை கூட்டல் உறுப்புகளாகி, ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கலாம். மடக்கை நேர்கோட்டு மாதிரி என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பெருவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2003இல் இதைப் பயன்படுத்தியது. ஆணைக்குழுவிடம் தனிப்பட்ட பதிவாக இருந்தவர்கள் 23,969 பேர். பட்டியல்களின் ஒன்றிப்பிலிருந்து மதிப்பிட்ட மொத்தம் 69,280. அந்த வேலையில் பங்குகொண்ட புள்ளிவிவரவியலாளர் பற்றிக் போல், 2018இல் பிரான்ஸிஸ் ஹரிசனுடன் சேர்ந்து, 2009 மே 17 முதல் 19 வரை முள்ளிவாய்க்கால் முடிவில் சரணடைந்து காணாமல்போனவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியைப் பட்டியல்களின் ஒன்றிப்பை வைத்தே ஆராய்ந்தார். அவர்கள் வந்தடைந்த எண் சுமார் 500.

இந்த முறை நம்பியிருப்பது ஒரே ஆளை இரண்டு பட்டியலிலும் அடையாளம் காண்பதை. எங்கள் பெயர்களில் அது இலேசான வேலையல்ல. ஒரு பட்டியலில் தந்தை பெயர் முன்னால், மற்றதில் முதலெழுத்து மட்டும். ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் நாலு விதமாக வரும். கிராமத்தின் பெயருக்குப் பதில் இடம்பெயர்ந்திருந்த முகாமின் பெயர் இருக்கும். 60 பொருத்தங்களில் 20 தவறவிடப்பட்டால் வகுக்கும் எண் 40 ஆகி மொத்தம் 270 என்று ஊதிவிடும். அப்படி ஊதிய எண்ணைப் பிறகு யாராவது உடைத்தால் உண்மையான 150 பேரும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாவார்கள்.

பொருத்தம் ஒன்றுமே இல்லாவிட்டால்? ஒரு பட்டியல் தமிழிலும் மற்றது ஆங்கிலத்திலும் இருந்து, இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலை ஓடவிட்டால் பொதுவானவர்கள் 0 என்றே வரும். 120இன் மடக்கையோடு 90இன் மடக்கையைக் கூட்டி 0இன் மடக்கையைக் கழித்தால் ஜாவாஸ்கிரிப்ட் திரையில் காட்டுவது இன்பினிற்றி. அந்தச் சொல் வந்தால் மதிப்பீட்டை அங்கேயே நிறுத்திவிட்டு, இரண்டு பட்டியலையும் அச்செடுத்து, ஊரைத் தெரிந்த ஒருவரை அருகில் இருத்தி, பெயர் பெயராகப் பார்க்கவேண்டும். அது முடியும்வரை வெளியிடக்கூடியது பதிவில் உள்ளவர்களின் எண் மாத்திரமே.